விடிவதற்குள் ஐம்பது ஓட்டு!

ஓட்டுச் சாவடியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? வரிசை, மை, ‘பீப்’ என்று ஒரு சத்தம், வெளியே வந்து விரலைத் தூக்கி ஒரு செல்ஃபி. அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்துக்காக எத்தனை பேருடைய தூக்கம் போகிறது, எத்தனை முடிச்சு விழுகிறது, எவ்வளவு அரக்கு உருகுகிறது என்று உள்ளே போய்ப் பார்க்கக் கிடைத்தால் விடலாமா? பத்திரிகையாளருக்கான தேர்தல் ஆணைய அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டேன். 2024 மக்களவைத் தேர்தல், தென் சென்னைத் தொகுதி. நீங்களும் கூடவே வாருங்கள். சத்தம் மட்டும் போட வேண்டாம், உள்ளே தூங்குகிறார்கள்.

நாம் போவது சோழிங்கநல்லூர்ப் பக்கம். அந்தத் தேர்தலின்போது தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்டிருந்த சட்டமன்றத் தொகுதி இதுதான்: ஆறரை லட்சத்துக்கும் மேல். ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் குப்பங்கள். இன்னொரு பக்கம் ஐ.டி. நிறுவனங்களைச் சுற்றி வளர்ந்த அடுக்குமாடிகள். நடுவே நகரத்துக்குள்ளிருந்து இடம்பெயர்த்துக் குடியேற்றப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே இருக்கும் பழைய கிராமத் தெருக்கள். இத்தனை வாக்காளர்கள் இருந்தும் வாக்குப்பதிவு மட்டும் ஏறவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு 87 சதவீதத்தைத் தாண்டியது. சோழிங்கநல்லூரின் பக்கத்துத் தொகுதியான வேளச்சேரி 56 சதவீதத்தை ஒட்டியே நின்றது. ஏன் என்ற கேள்வியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். பதில் சாவடிக்குள்ளேயே கிடைத்தது.

முதல் நாள், வியாழக்கிழமை. விநியோக மையம் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு மாதிரி கொதிக்கிறது. “நம்ம டீம் எங்கே சார்?”, “பி-2 மேடம் இன்னும் வரலையா?”, “யாராவது என் கண்ணாடியைப் பார்த்தீங்களா?” அரசுப் பள்ளி ஆசிரியர்கள், அலுவலக உதவியாளர்கள், கல்லூரி ஊழியர்கள் எனப் பெரிய கூட்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தச் சாவடிக்குப் போகப் போகிறோம் என்பது இந்த நிமிடம்வரை யாருக்கும் தெரியாது. யாரும் முன்கூட்டியே போய் ஆள் பிடிக்கக் கூடாது என்பதற்காகக் கணினி குலுக்கிப் போட்டுக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறது. நேற்றுவரை முகமே தெரியாத நான்கு பேர் (தலைமை அலுவலர் ஒருவர்; பி-1, பி-2, பி-3 என்று அழைக்கப்படும் வாக்குப்பதிவு அலுவலர்கள் மூவர்) நாளை இரவுவரை ஒரே குடும்பம்.

அவர்களுடைய சீர்வரிசையைப் பார்க்க வேண்டுமே! அழியா மைக் குப்பி. அது மைசூரில் கர்நாடக அரசு நிறுவனம் தயாரித்து நாடு முழுவதும் அனுப்புவது. மை சாயாமல் குப்பியை நிறுத்தி வைக்க ஒரு சின்ன டப்பா. மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரக்கு, நூல், கார்பன் தாள், ரப்பர் பேண்டு, வகைவகையான உறைகள், உறைகளைப் போட்டுவைக்கப் பெரிய உறைகள். ஒரு தலைமையாசிரியை சாவடித் தலைமை அலுவலர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார். “முப்பது வருஷமா பிள்ளைங்களை எண்ணிய கை சார். ஒண்ணு குறைஞ்சாலும் தெரிஞ்சிடும்” என்கிறார். எண்ணி முடித்ததும் நிஜமாகவே ஒரு பொருள் குறைந்தது: ரப்பர் பேண்டுப் பொட்டலம். பி-3 ஓடிப்போய் வாங்கி வந்தார்.

அடுத்துக் கருவிகள். தென் சென்னையில் 41 வேட்பாளர்கள். நோட்டாவையும் சேர்த்தால் 42. ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு சாவடிக்கும் மூன்று பேலட் யூனிட், ஒரு கன்ட்ரோல் யூனிட், யாருக்குப் போட்டோம் என்று சீட்டில் காட்டும் ஒரு விவிபேட். இவற்றைக் கண்ணிலிருந்து இம்மியும் விலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் வேளச்சேரியில் கருவிகளை இரு சக்கர வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன விவகாரத்தால் 92ஆம் எண் சாவடிக்கு ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவே நடத்த வேண்டியதாயிற்று. இந்தப் பக்கத்து ஊழியர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, விடியற்காலை. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. கொசுவத்திப் புகை இன்னும் அடங்கவில்லை. ஒன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுத்தும் ஆறடி உயர பி-3க்குக் கால் நீட்ட இடம் போதவில்லையாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டே பல் துலக்குகிறார். காவலர் ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து தூக்கில் டீ வாங்கி வருகிறார். ஒரே ஒரு கைபேசி சார்ஜருக்கு நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நாளின் முதல் வரிசை அதுதான்!

வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள், எனக்குப் பிடித்த காட்சி அங்கே நடக்கிறது. சுவர் முழுக்கக் குழந்தைகளுக்கான படங்கள். தலைமையாசிரியை நாற்காலியில் ஏறி நின்று செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறார். ‘இ’ எழுத்துக்குப் பக்கத்தில் பச்சைப் பசேலென்று இலை. ஒற்றை இலைதான், இருந்தாலும் மறைக்கிறார். தேசிய மலர் தாமரைக்கு ஒரு தாள். சூரியக் குடும்பப் படத்துக்கு மேலே பெரிதாக இரண்டு தாள். “ஒரு கட்சி விடாம எல்லாத்தையும் நம்ம பாடப் புத்தகத்துலயே வெச்சிருக்காங்க டீச்சர்” என்கிறார் பி-1. செல்லோடேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே டீச்சர் சிரித்த சிரிப்பில் தாள் கோணலாகப் போய்விட்டது. பிய்த்து மறுபடியும் நேராக ஒட்டினார். சொந்தப் பள்ளியில்லை, இனி வரப் போகிற பள்ளியுமில்லை. கோணலாக இருந்தால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு பூத் ஏஜென்ட்டுகள் வந்துவிட்டார்கள். கொட்டாவியில் கட்சி வேறுபாடே கிடையாது. இப்போது நடப்பதைத்தான் நாம் யாரும் பார்ப்பதில்லை: மாதிரி வாக்குப்பதிவு. நிஜ ஓட்டு தொடங்குவதற்குத் தொண்ணூறு நிமிடம் முன்பு, ஏஜென்ட்டுகள் கண் முன்னால் குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டியாக வேண்டும். 42 பொத்தானில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஒரு ஏஜென்ட் அழுத்துகிறார், இன்னொருவர் நோட்டில் கோடு போடுகிறார், மூன்றாமவர் விவிபேட் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரியும் சீட்டை உற்றுப் பார்த்துச் சின்னத்தை உரக்கச் சொல்கிறார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒருவர் சின்னத்துக்கு ஒருவர் ஓட்டுப் போட்டுக்கொள்ளும் அதிசயத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்? “அண்ணே, உங்க கட்சிக்கு என் கையால ஒரு ஓட்டு. நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க.” “தம்பி, இது ஒண்ணுதான் உங்க பக்கத்துல இருந்து வரும்னு எனக்குத் தெரியும்!”

பிறகு ‘ரிசல்ட்’ பொத்தான். கன்ட்ரோல் யூனிட் வேட்பாளர் ஒவ்வொருவரின் எண்ணிக்கையையும் வரிசையாகக் காட்டுகிறது. விவிபேட் சீட்டுகளை மேசையில் கொட்டி எண்ணி ஒப்பிடுகிறார்கள். சரியாக இருக்கிறது. “இந்த நிமிஷம்வரைக்கும் நாற்பத்தோரு பேரும் ஜெயிச்சிருக்காங்க” என்று அறிவிக்கிறார் பி-2. கைதட்டல்! மாதிரிச் சீட்டுகளுக்குப் பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, அதையும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து இளஞ்சிவப்புச் சீல் ஒட்டுகிறார்கள். கருவியைப் பூஜ்யமாக்கி எல்லோருக்கும் காட்டுகிறார்கள். அதற்குப் பச்சைத் தாள் சீல். அதில் ஏஜென்ட்டுகள் கையெழுத்து. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தன் பெயரைப் பாதியில் நிறுத்த, பக்கத்திலிருந்த எதிர்க்கட்சிக்காரர் முழங்கையால் இடித்து எழுப்பினார்.

ஏழு மணி. கதவு திறக்கிறது. முதல் ஆள் யார் தெரியுமா? நடைப்பயிற்சிச் சட்டையோடு வந்த ஒரு தாத்தா. ஆறு மணிக்கே வந்து நின்றவர். இரண்டாவதாக, பூ கட்டி விற்கும் ஓர் அம்மா. ஈர நாரை முந்தானையில் சுற்றி வைத்திருக்கிறார். பி-1 பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார். ஏஜென்ட்டுகள் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். பி-1இன் கையை மட்டும் கவனியுங்கள். ஆண் என்றால் பெயருக்குக் கீழே ஒரு கோடு. பெண் என்றால் கோட்டோடு பக்கத்தில் ஒரு ‘டிக்’. இரவில் தொலைக்காட்சியில் “ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை” என்று சொல்கிறார்களே, அது பிறக்கும் இடம் இந்தப் பேனா முனை.

பி-2யிடம் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை, ஒரு சீட்டு. பி-3 அந்தச் சீட்டை வாங்கிப் பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் கருவி உயிர் பெறும். பார்வையற்ற ஒருவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துணையாக வந்தவருக்கும் மை உண்டு, ஆனால் வலது ஆள்காட்டி விரலில். அவரே இன்னொருவருக்கும் துணையாக வந்துவிடக் கூடாதல்லவா! “எனக்கு ரெண்டு கையிலயும் மை. என் ஓட்டை அங்கே போட்டுட்டு இங்கே வந்தேன்” என்று அந்தத் தம்பி இரண்டு விரலையும் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டது நாள் முழுக்கக் கண்ணிலேயே நின்றது.

மறைப்புக்குப் பின்னால் ஒரு பாட்டி போனார். நேரம் போகிறது, சத்தத்தைக் காணோம். வரிசை நெளிகிறது. தலைமை அலுவலர் நின்ற இடத்திலிருந்தே, “பாட்டி, என்னம்மா ஆச்சு?” என்றார். “இரு கண்ணு, மூணு பொட்டி இருக்கு. எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அமுக்குவேன்” என்று பதில் வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. 41 பெயரையும் படித்த ஒரே வாக்காளர் அவராகத்தான் இருப்பார். ‘பீப்’ கேட்டதும் வரிசையில் இருந்தவர்களே கைதட்டினார்கள்.

கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்குவோம். 2024இல் இருந்த விதிப்படி, சாவடியிலிருந்து 200 மீட்டர் தள்ளித்தான் கட்சிகள் மேசை போட முடிந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கவே கூடாது. தெருமுனையில் உதயசூரியன் மேசைக்கும் இரட்டை இலை மேசைக்கும் நடுவே ஒரே டீக்கடை. தாமரைக்காரர்கள் எதிர்ப்புறம். நாம் தமிழர் இளைஞர்கள் ஒலிவாங்கிச் சின்னத்தோடு வேப்ப மரத்தடியில். எல்லோர் கையிலும் அதே வாக்காளர் பட்டியல், எல்லோர் வாயிலும் அதே கடையின் வடை.

இந்தப் பகுதி யார் பக்கம் என்று பழுத்த கட்சிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். தெருத் தெருவாகக் கை காட்டினார். பழைய ஊர்த் தெருக்களில் தாத்தா காலத்துக் கட்சிதான் பேரனுக்கும். குடும்பம் முழுக்கச் சேர்ந்தே வந்துவிடும். குடியிருப்பு வாரியப் பகுதிகளில் தண்ணீர், பட்டா, பஸ் வசதி இவற்றை யார் கவனித்தார்கள் என்று பார்த்துப் போடுவார்கள். “அபார்ட்மென்ட் மட்டும் எனக்குப் புரியலைப்பா. வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போனால்தானே முகத்தைப் பார்க்க முடியும்” என்றார். அங்கே கொடி கட்டச் சுவர் கிடையாது, கதவைத் தட்ட அனுமதி கிடையாது. நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில்தான் பிரசாரமே நடக்கிறது.

இங்கே காற்று ஒரே திசையில் அடித்ததில்லை என்பதைத் தேர்தல் முடிவுகளே சொல்கின்றன. சோழிங்கநல்லூர் 2011இல் அ.தி.மு.க. பக்கம் நின்றது. 2016இல் மாநிலம் ஜெயலலிதாவுக்கே மறுபடியும் ஆட்சியைக் கொடுத்தபோது, சோழிங்கநல்லூரும் வேளச்சேரியும் தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தன. மக்களவைக்கு 2014இல் அ.தி.மு.க.வின் ஜெயவர்தன் வென்றார், 2019இல் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன். அந்த 2019இல் புதுக் கட்சியான மக்கள் நீதி மய்யம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் வாங்கி மூன்றாவதாக வந்து எல்லோரையும் புருவம் உயர்த்த வைத்தது. கட்சிக்காரர்கள் இங்கே நகம் கடிப்பதில் வியப்பே இல்லை. யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

திரும்பவும் உள்ளே வந்தால் வாசலில் ஒரு குரல்: “மேடம், போன தடவை இங்கேதான் போட்டேன். இப்போ என் பேரே இல்லையே!” ஐ.டி. நிறுவன அடையாள அட்டையைக் கழுத்திலேயே மறந்துவிட்டு வந்த இளைஞர். வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடிப் பணியாளர் பட்டியலைப் புரட்டுகிறார். வாடகை வீடு மாறி இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறார், பிறகு வேறு பேட்டைக்கு. முகவரியை மாற்றவே இல்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அந்த வீட்டில் வேறு குடும்பம். அடுத்து வந்த பெண்ணுக்குப் பெயர் இருந்தது, கணவருக்கு இல்லை. அவருக்கு ஓட்டு சொந்த ஊரிலாம். “ஊருக்குப் போயிருக்கணும். டிக்கெட் கிடைக்கலை” என்று மனைவி மை வைத்துக்கொள்ளும்வரை கதவருகே நின்றார்.

என் கேள்விக்குப் பதில் இதுதான். வெள்ளிக்கிழமை ஓட்டு, கூடவே சனி, ஞாயிறு. “லாங் வீக்கெண்டு, எல்லாரும் மகாபலிபுரம் போயிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படியும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் புதன், வியாழன் இரவுகளில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அவர்களெல்லாம் ஓட்டுப் போடத்தான் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் திருவண்ணாமலைக்கும் போனார்கள். உழைப்பது இங்கே, பெயர் அங்கே. இன்னும் சிலருக்கு அங்கேயும் பெயர், இங்கேயும் பெயர். ஊரில் அவர் போட்ட ஓட்டு ஊரின் சதவீதத்தை ஏற்றுகிறது. இங்கே அழியாமல் கிடக்கும் அதே பெயர் இந்தப் புறநகரின் சதவீதத்தை இறக்குகிறது. பி-1இன் பட்டியலில் கோடு விழாத பெயர்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, ‘படித்தவன் சோம்பேறி’ என்ற பேச்சில் உண்மை பாதிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நண்பகல். சித்திரை வெயில் பள்ளி மைதானத்தைக் காய்ச்சுகிறது. ஷாமியானாவுக்குக் கீழே தண்ணீர்க் கேன், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். உள்ளே ஒரே மின்விசிறி, அதுவும் ‘கட கட’. அதை யார் பக்கம் திருப்புவது என்று கேட்டால் எல்லோரும் விவிபேட்டைக் காட்டுகிறார்கள். வெளிச்சம் நேராகப் பட்டாலும் அதற்கு ஆகாது. ஜன்னலுக்கு ஒரு போர்வை கட்டியிருக்கிறார்கள். நம்மைவிட அதைத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்!

சாப்பாடு முறை வைத்துத்தான். வரிசை நிற்காமல் வருவதால் யாரும் சேர்ந்து எழுந்திருக்க முடியாது. சாம்பார் சாதப் பொட்டலத்தை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாய், ஒரு வாக்காளர், இரண்டு வாய், ஒரு வாக்காளர். பி-2யின் விரல்களைப் பாருங்கள். ஊருக்கே ஒரு விரலில் மை வைத்தவருக்கு ஐந்து விரலும் கறுப்பு. “வீட்டுக்குப் போனா என் பொண்ணு கேட்பா, அம்மா நீ எத்தனை ஓட்டுப் போட்டேன்னு.” அவர் ஓட்டையோ தபால் ஓட்டாக முன்கூட்டியே போட்டாயிற்று. ஓய்ந்த நேரத்தில் ஏஜென்ட்டுகள் சட்டத்தைப் பற்றிக் கச்சேரி நடத்துகிறார்கள். ஆள் மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். நம் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் 49பி விதிப்படி டெண்டர் ஓட்டு கேட்கலாம்; அது ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு ஊருக்கே மனப்பாடம். “ரெண்டு ரூபாய் சில்லறைக்கு எங்கே போறது? ஜி-பே பண்ணலாமா மேடம்?” என்று ஒருவர் கேட்டதும் டீச்சருக்கே புரையேறிவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலரின் கைபேசி அலறுகிறது. மண்டல அலுவலர்தான். ஒன்பது மணிக் கணக்கு, பதினொரு மணிக் கணக்கு, ஒரு மணிக் கணக்கு. நாம் தொலைக்காட்சியில் “ஒரு மணி நிலவரம்” என்று பார்க்கும் எண் இங்கேதான் சமைக்கப்படுகிறது. வரிசையைப் பார்த்துக்கொண்டே, ஆண், பெண் கணக்கைக் கூட்டிக்கொண்டே, செயலியைத் திறந்து ஏற்ற வேண்டும். நெட்வொர்க் சுற்றுகிறது, சுற்றுகிறது. “டீச்சர், ஜன்னல்கிட்ட நின்னா கோடு வருது” என்று பி-3 சொல்ல, டீச்சர் கையை உயரத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போகிறார்.

தமிழ்நாடு முழுக்க 68,321 சாவடி. எல்லா இடத்திலும் எல்லா நேரமும் ஜன்னலோரம் கோடு வந்துவிடுமா? அன்றிரவு மாநில வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று முதலில் அறிவித்தார்கள். அடுத்து வந்த கணக்கில் அது 69.46 ஆனது, இறுதியில் 69.72 என்று நின்றது. தென் சென்னையில் சரிவு இன்னும் பெரிது. முதல் இரவு 67 சதவீதத்துக்கு மேல் சொன்னது, கடைசியில் 54.17. எல்லாச் சாவடிகளிலிருந்தும் செயலியில் தகவல் ஏறாமல் போனதே காரணம் என்று தேர்தல் அதிகாரிகள் விளக்கினார்கள். ஊரெல்லாம் அதிர்ந்து விவாதித்தது. அந்த ஜன்னலோரத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சட்டென்று விளங்கியிருக்கும். கடைசியில் நிற்கும் எண் கையால் எழுதிய படிவத்திலிருந்து வருவது.

மாலை நான்கரைக்கு வெயில் சாய்ந்ததும் கூட்டம் மறுபடியும் திரண்டது. இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்த ஐ.டி. இளைஞர்கள், ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வந்த தம்பதிகள், கல்லுக்குட்டை மேட்டுத் தூசியோடு வந்த கொத்தனார் ஒருவர். முதல் முறை ஓட்டுப் போடும் கல்லூரிப் பெண்கள் நான்கு பேர்; நான்கு பேரும் ஒரே நிற நகப்பூச்சு, மை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று!

ஆறு மணி அடித்ததும் ஒரு வேடிக்கை. வாசல் கதவைச் சாத்துகிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன். அதை முன்னாலிருந்து கொடுப்பதில்லை. கடைசியில் நிற்பவருக்குத்தான் ஒன்றாம் எண். வாலிலிருந்து தலைக்கு! நடுவில் யாரும் நுழைய முடியாது. மூச்சு வாங்க ஓடிவந்து வாலில் ஒட்டிக்கொண்ட ஒரு டெலிவரி இளைஞருக்கு ஒன்றாம் எண் டோக்கன் கிடைத்தது. தோளில் சாப்பாட்டுப் பை. “ஆர்டர் கேன்சல் ஆனாலும் பரவாயில்லை சார்” என்றார். சாவடியின் கடைசி ‘பீப்’ அவருடையது.

இனிமேல்தான் நிஜமான வேர்வை. ‘குளோஸ்’ பொத்தானைத் தலைமை அலுவலர் அழுத்துகிறார். திரையில் மொத்த எண்ணிக்கை. கையெழுத்துப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக வேண்டும். அறையில் பேச்சு நிற்கிறது. பி-2 விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறார்... ஒன்றுதான்! கட்சி பார்க்காமல் எல்லோரும் கை குலுக்கினார்கள். பிறகு, பதிவான ஓட்டுகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவம். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி, ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு பிரதி. வாக்கு எண்ணும் நாள் வரை இதைத்தான் அவர்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவர்கள், பிரதி மங்கலாக இருக்கிறதென்று ஒருவருக்கொருவர் எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சுடர் நிற்காது. அந்தப் புழுக்கத்தில் அரக்கு உருகிச் சொட்டுகிறது. உறைமேல் உறை, முடிச்சுமேல் முடிச்சு. பி-1இன் கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுந்து கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். கருவிகளை ஏற்ற வேண்டிய வண்டி இன்னும் நான்கு பள்ளிகளைச் சுற்றிவிட்டுத்தான் வரும். அதுவரை சீல் வைத்த பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது பெட்டிகள் கிண்டி அண்ணா பல்கலைக்கழகக் காப்பறைக்குக் கிளம்பின. டீச்சர் போவதற்கு முன் சுவரில் ஒட்டிய செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக, படம் கிழியாமல் பிரித்து எடுத்தார். திங்கட்கிழமை குழந்தைகள் வருவார்களே!

ஜூன் 4இல் முடிவு வந்தது. தமிழச்சி தங்கபாண்டியன் 5,16,628 வாக்குகள். பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் 2,90,683. பத்து ஆண்டுகளுக்கு முன் வென்ற ஜெயவர்தன் மூன்றாம் இடத்தில், 1,72,491. வித்தியாசம் இரண்டேகால் லட்சம். ஆனால் நான் வட்டமிட்டு வைத்த எண் வேறு. தொகுதியின் இருபது லட்சம் வாக்காளர்களில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடவில்லை. வென்றவர் வாங்கியதைவிட வராதவர்கள் அதிகம். இந்தப் புறநகர் யார் பக்கம் என்று யார் கேட்டாலும், பாதிப் புறநகர் இன்னும் பேசவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

அதைப் பேச வைக்கும் வேலையைத் தேர்தல் நாளன்று செய்ய முடியாது. முன்கூட்டியே செய்ய வேண்டும். வீடு மாறினால் காஸ் இணைப்பை மாற்றுகிறோம், குழந்தையின் பள்ளியை மாற்றுகிறோம். ஓட்டையும் மாற்றுங்கள். அதற்குப் படிவம் 8. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. சொந்த ஊரில்தான் போடுவேன் என்றால் அதுவும் சரி. ஆனால் பெயர் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும், இரண்டு இடத்தில் இருப்பது சட்டப்படியும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழையுங்கள். பெஞ்சில் படுத்து, கையைச் சுட்டுக்கொண்டு, உங்களுக்காக நான்கு பேர் விடியுமுன் ஐம்பது ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து வைக்கிறார்கள். ஐம்பத்தோராவது ஓட்டை நீங்கள் வந்து போடுங்கள்.